மேட்டைப் பார்த்துத் திட்டு

என் வீட்டுக்காரர் சுடுவதற்காகத் துப்பாக்கி வாங்கியவர் இல்லை. துடைப்பதற்காக வாங்கியவர். இதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும்.

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த மறுநாள், சேலைகளை அடுக்கலாம் என்று அவருடைய அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டு முழுவதையும் பூட்டுப் போட்ட ஒரு தேக்குப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். "எம் பிள்ளைங்க" என்றார். முன்பே ஒரு குடும்பம் இருந்து, அதன் படங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாரோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சாவியைப் போட்டுத் திறந்துவிட்டார். சிவப்பு வெல்வெட்டுத் துணியில் மூன்று ரிவால்வர்கள் படுத்திருந்தன.

மூன்றும் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காகச் செய்யப்பட்டவை. மூன்றும் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தவை. மலைத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேற வந்த ஒரு துரையிடம் ஒன்றை வாங்கியிருந்தார். மதுரைத் துப்பாக்கிக் கடையில் ஒன்று. மூன்றாவது, நூற்பாலையில் இன்ஜினியராக இருந்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. எல்லாவற்றுக்கும் முறையான லைசென்ஸ் இருந்தது. குழலை மேலிருந்து அழுத்தினால் ரிவால்வர் நடுவில் மடிந்து வாயைத் திறக்கும். உள்ளிருக்கும் தோட்டாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி வெளியே வரும். அதைத் திறந்து மூடும் சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் அந்த மூன்றுக்கும் மூத்தவன், நடுவுள்ளவன், கடைக்குட்டி என்று பேர் வைத்தேன். கேலியாகத்தான் வைத்தேன். அவரோ அன்று முதல் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு தோணி இருந்தது. கொழும்புக்குக் கருவாடும் வெங்காயமும் ஏற்றிப்போகும். தோணி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவர் பெட்டியின் பக்கத்தில்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் பனம்பாயை விரித்து உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும். என் மாமிக்கு அது பிடிக்காது. சாத்தான் உள்ளே வந்துவிடக்கூடாது என்று கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அந்தப் பெட்டியின் மேல் தெளிப்பார். இவர் அலறிக்கொண்டு ஓடி வருவார்.

"யம்மா, தீர்த்தமின்னாலும் அது தண்ணிதான். துரு பிடிக்கும்!"

"பிடிக்கட்டும்லே. துரு பிடிச்சாவது நாசமாப் போவட்டும்" என்பார் மாமி.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நான் வந்து சேர்ந்தேன். எனக்கு என்று ஒரு குணம் உண்டு. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. எனக்குக் கோபம் வந்தால் சும்மா நின்று பேசத் தெரியாது. யாரைத் திட்டுகிறேனோ அவர்கள் பக்கம் முழு உடம்போடு திரும்பிவிடுவேன். கையில் எது இருக்கிறதோ அதை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டுதான் பேசுவேன். விளக்குமாறு இருந்தால் விளக்குமாறு, அகப்பை இருந்தால் அகப்பை. எங்கள் தெருவில் என்னை எதிர்த்துப் பேசுகிறவர்கள் நாலு அடி தள்ளி நின்றுதான் பேசுவார்கள்.

கப்பல் கம்பெனித் துரை என்னை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். ரிவால்வர் பைத்தியத்தில் என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி அவர். இருபது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் இருந்தவர். நம் தமிழைக் கப்பலில் வேலை செய்யும் லஸ்கர்களிடம் கற்றுக்கொண்டதால், கெட்ட வார்த்தை எது, நல்ல வார்த்தை எது என்று அவருக்குப் பிரித்துத் தெரியாது. அவர் சாப்பிட வந்த அன்று, பின்வாசலில் பழைய மீனைப் புதியது என்று விற்க வந்தவளோடு நான் பேசிக்கொண்டிருந்தேன். துரை வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, பேச்சு முடியாத வேகத்திலேயே திரும்பினேன். அகப்பையில் இருந்த மீன்குழம்பு அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கியது. அவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துவிட்டது.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அவரும் மூட்டை கட்டத் தொடங்கினார். அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. போன நூற்றாண்டில் செய்தது. அவருடைய தகப்பனார் தென்னாப்பிரிக்காவில் இடுப்பில் கட்டித் திரிந்தது. பிடியின் அடியில் கயிறு கோத்துக்கொள்ள ஒரு வளையம். அந்த வளையம் தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். என் வீட்டுக்காரர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். நான் அதற்கு மாமனார் என்று பேர் வைத்தேன்.

அதைத் தனக்கு விற்கும்படி இவர் கேட்டார். துரையும் சம்மதித்தார். ஆனால் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில், "மூணு வச்சிருக்கீரே, போதாதா? ஒரு ஆளுக்கு எத்தனை கை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்க நினைத்த கேள்வியே அதுதான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாத கையில் துரை அதைக் கொடுக்க மாட்டார். கொடுத்தாலும் இவர் வாங்க மாட்டார். துப்பாக்கி விஷயத்தில் இருவருக்கும் அப்படி ஒரு நேர்மை. அப்படியானால் அது எங்கே போகும் என்பதும் இவருக்குத் தெரியும். போன மாதம்தான் வேறொரு துரை, கப்பல் நங்கூரம் தூக்கும் நேரத்தில் மேல்தட்டில் நின்று தன் ரிவால்வரைக் கடலில் போட்டதை எங்கள் தோணியில் இருந்து கண்ணால் பார்த்திருந்தார். அன்று சோறு இறங்கவில்லை அவருக்கு.

"மாமி பேருல லைசென்ஸ் கேட்டா?" என்றேன் சும்மா.

மாமி ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு இது போதும்."

இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னைய ஏன் பாக்குதீங்க?"

"ஒம் பேருல கேக்கலாம்ளா."

மாமி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இவ கையில அகப்பையே ஆபத்து. துப்பாக்கியக் குடுக்கப் போறானாம். தெருவுல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க" என்றார். சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரில் எல்லாருக்கும் என்னைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் இருப்பது தெரியும். வீட்டுக்குள்ளும் அதே எண்ணம்தானா என்று ரோஷம் வந்தது. அந்த ரோஷத்தில்தான் சரி என்றேன். ரிவால்வர் மேல் ஆசை எல்லாம் பிறகு வந்தது.

ஆபீசில் என் மனுவை எடுத்துக்கொண்டார்கள். விசாரணைக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். போரில் பர்மா எல்லை வரை போய்த் திரும்பியவர். வரும் வழியிலேயே தெருக்காரர்கள் என்னைப் பற்றி அவரிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்பது அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்ததிலேயே தெரிந்தது.

"அம்மா, பேருக்கு ஒரு ஆள நிறுத்துத சோலியெல்லாம் எங்கிட்ட ஆவாது. லைசென்ஸ் ஒங்க பேருல வேணுமின்னா நீங்க சுடணும். எங் கண்ணு முன்னால, பத்திரமா சுடணும். அப்பத்தான் எழுதிக் குடுப்பேன்."

துரையின் கப்பலுக்கு அப்போது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. அதற்குள் நான் தேற வேண்டும். தேறினால் மாமனார் எங்கள் வீட்டுக்கு வரும். தேறாவிட்டால் கடலுக்குப் போகும்.

என் வீட்டுக்காரர் என் கையில் ரிவால்வரைத் தரவில்லை. அகப்பையைத்தான் தந்தார். குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கவைத்து, "இதுதான் துப்பாக்கி. இதோட மொகரை எப்பவும் அந்தச் செவரப் பாத்துத்தான் இருக்கணும். யாரு கூப்பிட்டாலும், யாரு மேல கோவம் வந்தாலும் திரும்பக் கூடாது" என்றார்.

"அப்ப திட்டணுமின்னா?"

"செவரப் பாத்துத் திட்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கி வெடிக்காமல் சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து அதிகம், அப்போதுதான் மனுஷர்கள் எரிச்சலோடு திரும்பிப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்பார்கள், அந்த நேரம் பார்த்து அது வெடிக்கும் என்று அவர் விளக்கியபோது, அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அது. அதைப் பார்த்த பிறகு அகப்பையை மரியாதையாகப் பிடித்தேன்.

சுவரைப் பார்த்துத் திட்டிப் பழகுவது லேசான காரியம் இல்லை. மீன்காரியைத் திட்டினேன், சுவரைப் பார்த்து. பால்காரனைத் திட்டினேன், சுவரைப் பார்த்து. எதிர்வீட்டுக்காரி என்ன என்று எட்டிப் பார்த்தால், நான் அடுப்படிச் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். முதலில் நாக்கு வரவே இல்லை. ஒரு வாரத்தில் சுவரைப் பார்த்தால்தான் சரளமாக வருகிறது என்றாகிவிட்டது. வீட்டில் குழம்பு தெறிப்பது நின்றதில் மாமிக்கு ஒரே ஆச்சரியம். "இது துப்பாக்கிப் பாடம் இல்லலே. குடும்பப் பாடம்" என்று மகனிடம் சொன்னாராம்.

அதன் பிறகுதான் செம்மணல் மேடுகள் கிடக்கும் தேரிக்குப் போனோம். கடற்கரையில் சுடலாமே, எதிரே வெறும் தண்ணீர்தானே என்று நான் கேட்டதற்கு, தண்ணீரில் பட்ட குண்டு சறுக்கி எழும்பி எங்கேயோ போய் விழும், அங்கே கட்டுமரம் நிற்கும் என்று சொல்லிவிட்டார். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல்தான் நல்லது. குண்டு அதற்குள் போனால் போனதுதான். துரை தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டார். எங்கள் தோணியின் கிழிந்த பாய் ஒன்றைச் சிவப்புச் சாயத்தில் முக்கி, கம்பில் கட்டி எச்சரிக்கைக் கொடியாக நட்டோம். பழைய முத்துக்குளிப்புக் காலத்துச் சிப்பி ஓடுகள் எங்கள் கொல்லையில் கிடந்தன. அவற்றில் ஒரு கூடை எடுத்துப்போய் மணல் மேட்டின் அடியில் குத்தி நிறுத்தினோம். உள்பக்கம் வெயிலில் பளபளவென்று மின்னும். குறி பார்க்க அதைவிட நல்லது கிடைக்காது.

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றேன். நடுவுள்ளவன் கையில் இருந்தான். தூக்கினால் கனமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் அம்மியில் அரைக்கிற கைக்கு அது ஒரு பெரிய கனம் இல்லை. தோட்டாவை அடிக்கிற சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, சிப்பியைக் குறிபார்க்கப் போனபோது என் வீட்டுக்காரர் பின்னால் இருந்து, "தரைய மட்டும் பாத்தாப் போதுமா? பனைய யாரு பாப்பா?" என்றார். சுத்தியை மெதுவாக இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்ற பனையின் உச்சியில் ஒருவர் பதனீர்க் கலயத்தோடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் கையை ஆட்டினோம்.

"தாயி, கொஞ்சம் பொறு! நான் எறங்கிக்கிடுதேன்!" என்று அங்கிருந்தே கத்தினார். இறங்கி வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டு, பனையோலைப் பட்டையில் பதனீரும் ஊற்றிக் கொடுத்தார். பனங்காட்டில் சுடுகிறவர்கள் மரத்தின் உச்சியையும் பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும் என்பது அன்று என் மண்டையில் ஏறியது.

அதற்கப்புறம் சுட்டேன். கை மேலே தூக்கியது, மேட்டில் செம்மண் புகை மாதிரி எழும்பியது, சிப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. சந்தோஷம்தான், வேறு வார்த்தை இல்லை. அடுத்த குண்டில் சிப்பி தூளானது. "ஏலே, பட்டுச்சுலே!" என்று துரை குதித்தார். யாரைப் பார்த்து ஏலே என்றார் என்று இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் அன்று சுட்டதெல்லாம் மணலுக்கே போனது. விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தன் பிள்ளைக்கு வலிக்கும் என்பது போல.

அன்று திரும்பி வரும்போது காரிலேயே மாமனார் எனக்கு வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. அவருக்காக இல்லை, எனக்கே வேண்டும்.

இனி பூனைகளின் கதை. துப்பாக்கிக்கு என்று துரை கொடுத்திருந்த எண்ணெய் டின் காலியாகிவிட்டது. அவரிடமும் வேறு இல்லை, கடையிலும் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் அலமாரியின் முன்னால் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. மறுநாள் இன்னும் சில வந்தன. விரட்டினால் ஜன்னல் வழியாகத் திரும்பி வரும். அலமாரிக் கதவைப் பிராண்டும். "சேலைக்குள்ள கருவாட்ட மறச்சு வச்சிருக்கியாளா?" என்று மாமி என்னிடம் கேட்டார். சேலைகளை எல்லாம் உதறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மீன்வாடை அடித்தது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் எதில்தான் மீன்வாடை அடிக்கவில்லை?

அந்த நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். துரை வந்தார். துணை இல்லாமல் விடமாட்டேன் என்று மாமியும் ஜெபமாலையோடு வந்து காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். துரையின் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை.

கொடி நட்டோம். சிப்பிகளை நிறுத்தினோம். நான் மேட்டைப் பார்த்தேன், பனை உச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கென்று மூத்தவனை எடுத்து வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்றிருந்தான். திறந்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. என் கைதான் பதற்றத்தில் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். தோட்டாக்களைப் போட்டு மூடினேன். தூக்கினேன். சுத்தியை இழுத்தேன்.

அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். தோட்டா இருக்கும் உருளை பசை போட்டு ஒட்டியது போல நின்றது. அந்த வெயிலில் இரும்பு சூடேறி, அதிலிருந்து ஒரு வாடை எழும்பி என் மூக்கில் ஏறியது. எந்த வாடை என்று எனக்கா தெரியாது? தோணியின் பலகைக்கு உப்புத்தண்ணீர் ஏறாமல் இருக்க நாங்கள் பூசுகிற சுறா எண்ணெய். புதிதாகப் பூசினால் வழுவழுவென்று இருக்கும். நாள் போகப் போகப் பிசினாகக் காய்ந்து இறுகிவிடும். பலகைக்கு அது நல்லது. அலமாரியைச் சுற்றித் தவம் கிடந்த பூனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

கோபம் உள்ளங்காலில் இருந்து ஏறியது. அவ்வளவு நாள் பாடுபட்டது, துரையின் கப்பல், மாமனார், என் மானம், எல்லாம் ஒரு கரண்டி எண்ணெயில் போய்விட்டது. என் தோள் திரும்பத் தொடங்கியது. என் கையில் தோட்டா போட்ட துப்பாக்கி இருந்தது.

தோளை நிறுத்தினேன். குழலை மேட்டை விட்டு ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை. செம்மண் மேட்டைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

"ஏங்க! இதுக்கு என்னத்தப் பூசுனீங்க? சுறா எண்ணெயா? இது என்ன தோணியா, எண்ணெய் அடிச்சுக் கடல்ல எறக்குததுக்கு? தெருப் பூனை அம்புட்டும் வந்து அலமாரி வாசல்ல குந்திக் கெடந்துச்சே, ஒங்களுக்கு ஒரைக்கலையா? அதுகளுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையா?"

பின்னால் இருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. "பூசும்போது நல்லா வழுவழுன்னுதான் இருந்துச்சு. மரத்துக்கு நல்லதுதானளா, இரும்புக்கும்..."

"மரத்துக்கு நல்லதுன்னா ஒங்க தலைக்குத் தேச்சுக்கிடுங்க!"

திட்டிக்கொண்டே, விரலை விசையில் இருந்து எடுத்து, குழல் மேட்டைப் பார்த்தபடியே இருக்க, அழுத்தித் திறந்தேன். தோட்டாக்கள் எழும்பி வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மணலில் விரித்திருந்த துணியில் வைத்தேன். அறைகள் காலியா என்று கண்ணால் பார்த்தேன், விரலாலும் தடவிப் பார்த்தேன். ரிவால்வரைத் திறந்தபடியே துணியில் கிடத்தினேன். அத்தனை நேரமும் வாய் ஓயவில்லை. அவரை மட்டுமல்ல, அவருடைய அண்ணன் தம்பிகள், தோணியை ஓட்டும் தண்டல் உட்பட எல்லாரையும் மேட்டிடம் திட்டி முடித்தேன். இரண்டு கையும் வெறுங்கையான பிறகுதான் திரும்பினேன்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கி அடக்கி அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"பட்டாளத்துல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன்மா. சிக்கிக்கிட்டா பாதிப்பேரு அப்படியே திரும்பி, 'சார், வெடிக்க மாட்டேங்குது'ன்னு எங்க நெஞ்சுக்கு நேரே நீட்டுவான். இம்புட்டுக் கோவத்துலயும் திரும்பாத ஆள நான் இப்பத்தான் பாக்குதேன். இனிமே நீங்க சுட்டாலும் சரி, சுடாட்டாலும் சரி. நான் எழுதிக் குடுக்கேன்."

"சுடாம எப்படிப் போவேன்?" என்றேன். என் வீட்டுக்காரர் காருக்கு ஓடிப்போய், கூடவே கொண்டுவந்திருந்த நடுவுள்ளவனை எடுத்து வந்தார். அதற்கும் எண்ணெய் பூசினாரா என்று கேட்டேன். எண்ணெய் மூத்தவனோடு தீர்ந்துவிட்டது என்றார், தலையைக் குனிந்துகொண்டு. உருளையைச் சுற்றிப் பார்த்து, மோந்து பார்த்து, பனை உச்சிகளை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சுட்டேன். நிறுத்தியிருந்த சிப்பிகளில் ஒன்றுதான் தப்பியது. காருக்குள் ஒவ்வொரு வெடிக்கும் சிலுவை போட்டுக்கொண்டிருந்த மாமி, கடைசியில் இறங்கியே வந்துவிட்டார். "இன்னும் ஒண்ணு நிக்கிதே, அதையும் ஒடைளா" என்றார்.

லைசென்ஸ் துரையின் கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் கைக்கு வந்தது. துரை தோல் உறையோடு மாமனாரைக் கொண்டுவந்தார். பழக்கத்தில் என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். துரை அவரைத் தாண்டி வந்து, திறந்து காலியாக இருப்பதைக் காட்டி, என் கையில் வைத்தார்.

"அம்மா, இது அலமாரியில தூங்கக் கூடாது. எங்கப்பாவுக்குப் பிடிக்காது. மாசம் ஒரு தரமாவது தேரியக் காட்டுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை மறைக்க அவரைச் சாப்பிட உட்காரச் சொல்லி அதட்டினேன். அன்று மீன்குழம்பில் புளியைக் குறைத்திருந்தேன்.

கப்பல் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் பாயை விரித்தார். துரை போகும்போது, கப்பல்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன புதிய எண்ணெய் டின் பக்கத்தில் இருந்தது. தன் மூன்று பிள்ளைகளையும் எடுத்து வைத்தார். பிறகு அலமாரியில் புதிதாக வந்திருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார். அதன் பூட்டைப் பார்த்தார். சாவி என் இடுப்பில் இருந்தது.

குசினி வாசலில் வந்து நின்றார். தோணியில் தண்டலை அதட்டுகிற மனுஷர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமனாரக் கொஞ்சம் தொடச்சுக்கிடட்டுமா?"

அகப்பையைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "கையக் காட்டுங்க" என்றேன்.

இரண்டு கையையும் நீட்டினார். குனிந்து நன்றாக மோந்து பார்த்தேன். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண், எல்லாம் பார்த்தேன். சோப்பு வாடைதான் அடித்தது. வாசலில் ஒரு பூனைகூட இல்லை.

சாவியை எடுத்துக் கொடுத்தேன்.